பறவை வகுப்பைச் சேர்ந்த வடிவம்மா

கண்டி வாவிக்கு மேலே, மரங்கள் அடர்ந்த மேட்டில், சுவாச நுண்ணமைப்புக் கந்தோர் என்று ஓர் அரசாங்க அலுவலகம் இருந்தது. 1931ஆம் ஆண்டில் நான் அங்கே நகல் எழுத்தராகச் சேர்ந்தேன். என் பெயர் சேதுராமன். கையெழுத்து மணிமணியாக இருக்கிறதென்று வேலை கொடுத்தார்கள். அந்தக் கையெழுத்தால் என்னென்ன எழுதினேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கூட்டிச் சொல்ல வேண்டிய சிரமத்தை அந்தக் கந்தோர் யாருக்கும் வைக்கவில்லை.

கந்தோரின் வேலை இதுதான். தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது கொழுந்தை அரைத்து, காயவைத்து, சலிக்கும் தொழிற்சாலையில், தூசு பறக்கும். அங்கே வேலை செய்கிறவர்கள் இருமுவார்கள். இருமுகிறவர்கள் கொஞ்ச நாளில் சாவார்கள். இதைக் கேள்விப்பட்ட மேலிடம் ஒரு சட்டம் போட்டது. ஒருவருடைய சுவாசப்பையை நுணுக்குக்காட்டியில் பார்த்து, தூசு இருக்கிறது என்று எங்கள் கந்தோர் எழுதிக்கொடுத்தால், அவரையும் அவர் குடும்பத்தையும் சலிப்பறையிலிருந்து எடுத்து வெளி வேலைக்கு விட வேண்டும். தங்கமான சட்டம். ஆனால் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியில் பார்க்க, முதலில் அதை வெளியே எடுக்க வேண்டும். மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்ட வேண்டும். அதற்கு ஆள் செத்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் சின்ன இடைஞ்சல்.

பெரிய டொக்டர் பிளேக்லி அதை இடைஞ்சலாகவே நினைக்கவில்லை. கந்தோர் திறப்பு விழாவில் அவர் ஆற்றிய உரையை நான்தான் நகல் எடுத்தேன். "உயிரோடு இருப்பவன் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்வது அவனுடைய அபிப்பிராயம். செத்தவனுடைய சீவல் சொல்வது விஞ்ஞானம். அபிப்பிராயங்களைக் கேட்பதற்கு அரசாங்கம் நமக்குச் சம்பளம் தரவில்லை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

டொக்டருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. முலையூட்டிகளின் சுவாசப்பையையும் பறவைகளின் சுவாசப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அதற்காகப் புதன்கிழமைதோறும் மடவளையிலிருந்து சாஹுல் ஹமீது என்ற கோழி வியாபாரி நாலு கோழி கொண்டுவந்து கொடுப்பார். முலையூட்டி என்ற சொல்லை உண்டாக்கியவர் எங்கள் தலைமை எழுத்தரும் மொழிபெயர்ப்பாளருமான சுந்தரலிங்கம். யாழ்ப்பாணத்தார். அந்தச் சொல்லைத் தான் பெற்ற பிள்ளையைப்போல் வைத்துக்கொண்டிருந்தார். எங்கே இடம் கிடைத்தாலும் அதைக் கொண்டுபோய் உட்காரவைப்பார்.

இந்த இடத்துக்குத்தான் ஒரு நாள் வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வீரையா வந்தார். கூடவே மனைவி வடிவம்மா. பதினெட்டு வருடம் சலிப்பறையில் வேலை செய்தவள். வாசற்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். வீரையா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஐயா, இவளுக்கு முடியலீங்க. மகளும் அதே எடத்துல சலிக்குது. அதுக்கு வயசு பதினாறு. அதுக்கும் இருமல் வந்திருச்சி. நீங்க ஒரு கடுதாசி குடுத்தா தொரை புள்ளய மலைக்கு அனுப்பிருவாருங்க. கொழுந்தெடுத்துப் பொழச்சுக்கும்."

"சீவல் இருக்கோ?" என்று கேட்டார் சுந்தரலிங்கம்.

"இல்லீங்களே."

"சீவல் இல்லாமல் ஒண்டும் செய்யேலாது. சீவலோட வாரும்."

வீரையா இரண்டாம் நாள் வந்தார். வாழை மட்டையில் பொதிந்த பாக்குச் சீவலை மரியாதையாக மேசையில் வைத்தார். கூட இருபது வெற்றிலை. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுந்தரலிங்கம் சிரித்து முடித்து, ஒரு வாய் போட்டுக்கொண்டு, அவர் கேட்ட சீவல் எது என்று விளக்கினார்.  வீரையா வாசலில் இருந்த வடிவம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கந்தோரோடு ஒட்டி எட்டுக் கட்டில் போட்ட வாட்டு ஒன்று இருந்தது. வைத்தியம் பார்ப்பதற்காக அல்ல, சீவல் பழுதாகாமல் கிடைப்பதற்காக. வடிவம்மாவை அதில் சேர்த்தார்கள். பன்னிரண்டாம் நாள், அது ஒரு புதன்கிழமை, அவள் போய்ச் சேர்ந்தாள். வெட்டுவதற்குச் சம்மதக் கடுதாசியில் வீரையா பெருவிரல் வைத்தார். "மகளுக்காக அவளே சொல்லிட்டுத்தான் போனா. எடுத்துக்கச் சொல்லு, புள்ளயாவது மேல வரட்டும்னு சொன்னாளுங்க" என்றார். நான் கடுதாசியை வாங்கிக் கோப்பில் வைத்தேன். 

ஒரு மாதத்தில் முடிவு வந்தது. கைநாட்டு மட்டுமே தெரிந்த வீரையாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன்.

"வடிவம்மா. சிற்றறைகள் காணப்படவில்லை. அவற்றுக்குப் பதிலாக ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடும் நுண்குழல்களும், அவற்றைச் சுற்றி மிக நுண்ணிய காற்றுக் குழாய் வலையும் காணப்படுகின்றன. தூசு இல்லை. பூரண சுகதேகி. வகுப்பு: பறவை."

"புரியலீங்க ஐயா."

எனக்கும் புரியவில்லை. தாஸிமுக்குப் புரிந்தது. தாஸிம் மடவளைக்காரன், கந்தோரில் சீவல் சீவுகிறவன். அத்தனை நுட்பமான கை கண்டியிலேயே கிடையாது. ஆனால் பெயர்ச்சீட்டு ஒட்டும் உரிமை அவனுக்கு இல்லை. அது தலைமை எழுத்தரின் அதிகாரம். என்னைப் பின்பக்கம் கூப்பிட்டுப் போனான். 

"சேது நானா, அண்டைக்கி நான் மேசைக்கி இந்தப் பக்கம் நிண்டேன். அவர் அந்தப் பக்கம். எடப்பக்கம் மனிசிட, வலப்பக்கம் கோழிடன்னு சொன்னேன். அவர் அவர்ட எடப்பக்கத்துல ஒட்டிட்டார். என்ட எடப்பக்கம் அவருக்கு வலப்பக்கம்தானே. அல்லாஹ்வே, நான் பாக்காம உட்டுட்டேனே."

வீரையாவை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தான். நுணுக்குக்காட்டிக்கு முன்னால் ஒரு கதிரை போட்டு உட்காரவைத்து, முதலில் வடிவம்மா என்று சீட்டு ஒட்டிய துண்டைக் காட்டினான். "இது கோழிட. கோழி மூச்சு உட்டா சுவாசப்பை ஊதிறல்ல. காத்து ஒரு பக்கத்தால வந்து குழலுக்குள்ளால போகும். அதான் குழல் குழலா ஈக்குது." பிறகு கோழி நாற்பத்தேழு என்று சீட்டு ஒட்டிய துண்டை வைத்தான். "இதுதான் ஒங்கட பொஞ்சாதிட. மனிசருக்கு இப்பிடிச் சின்னச் சின்ன அறைதான் ஈக்கும். காத்து வந்து நெரம்பித் திரும்பிப் போகும்."

வீரையா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கறுப்பு கறுப்பா என்னமோ கெடக்கே?"

"தேயிலைத் தூசி. துப்புரவு பண்றதுக்குன்னு உள்ளுக்கு ஒரு சாதி உயிரணு ஈக்குது. அது தூசிய முழுங்கும். முழுங்கி முழுங்கி அங்கினயே செத்துக் கெடக்குது."

"ஸ்டோர விட்டு வர்றப்ப தெனமும் மடிய ஒதறிக் காட்டச் சொல்லுவாங்க" என்றார் வீரையா. "ஒரு சிட்டிகைத் தூள் வெளிய போகக் கூடாது. இம்புட்டையும் கொண்டாந்திருக்காளே. யாரும் சோதிக்கலியே."

மூன்று பேரும் சுந்தரலிங்கத்திடம் போனோம். அவர் காதில் போட்டுக்கொண்டாரே ஒழிய ஏற்றுக்கொள்ளவில்லை. "ஒட்டின சீட்டு ஒட்டினதுதான்" என்றார். விஷயம் டொக்டரிடம் போனது. டொக்டர் கோபப்படவில்லை. பொறுமையாக ஒரு கணக்கு விளக்கினார். சுந்தரலிங்கம் அதை வரிக்கு வரி தமிழில் சொன்னார்.

"இந்தக் கந்தோர் தவறு செய்தது என்று ஒத்துக்கொண்டால், இதுவரை எழுதிய அறுநூறு சீவல்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இந்தப் பெண் பறவை என்று ஒத்துக்கொண்டால், ஒரு பெண் மட்டும்தான் சந்தேகத்துக்கு உள்ளாவாள். எது சிக்கனம் என்பதை நீங்களே சொல்லுங்கள். இருந்தாலும் நான் நியாயவான். விசாரித்து எழுதுங்கள்."

விசாரணை என்றதும் வீரையாவின் முகம் தெளிந்தது. கேட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்தார், பாவம். சுந்தரலிங்கம் கேட்டார், நான் எழுதினேன்.

"வடிவம்மா முலையூட்டியோ?"

"என்னாங்க?"

"பெத்த பிள்ளைக்குப் பால் குடுத்தவவோ எண்டு கேக்கிறன்."

வீரையா தலையைக் குனிந்துகொண்டார். "அவ ஒடம்புல பால் ஊறலீங்க. பெத்த பதினஞ்சாம் நாளு ஸ்டோருக்குப் போயிட்டா. லயத்துல பக்கத்துக் காம்பராவுல இருந்த பொம்பள கொஞ்ச நாள் குடுத்துச்சி. அப்புறம் ஆட்டுப்பாலுதான்."

"முலையூட்டி அல்ல. எழுதும் சேதுராமன். சாப்பாடு?"

"தோட்டத்துல குடுக்குற அரிசிங்க. இல்லாட்டி குரக்கன்."

"தானியம். எத்தனை மணிக்கு எழும்புவா?"

"சேவல் கூவுறப்பவே எந்திரிச்சிருவா. ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்குப் போகணும்லங்க."

"சேவலோட. சாகேக்க நிறை ஐம்பத்தெட்டு இறாத்தல் எண்டு வாட்டுப் புத்தகத்தில கிடக்கு. ஒரு முழு மனிசிக்கு இது காணாது. பறவையின்ர எலும்புக்குள்ள காத்துத்தான் இருக்கும். சரி, மகளுக்கு என்ன பேர்?"

"அன்னமுங்க."

சுந்தரலிங்கம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அன்னம் எண்டால் என்ன?"

"சோறுங்க" என்றார் வீரையா. "புள்ளைக்குச் சோத்துக்குக் கஷ்டம் வரக்கூடாதுன்னு அன்னலட்சுமின்னு வச்சோம்."

"அன்னம் எண்டால் பறவை. பாலையும் தண்ணியையும் பிரிக்கிற பறவை. உமக்குத் தெரியாமலே உண்மை உம்மட வாயால வந்திட்டுது."

இந்த இடத்திலாவது நான் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. எனக்கும் வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். கந்தோர் வேலை போனால் என் கதி என்ன என்று நினைத்தேன். 'அன்னம், பறவை' என்று மணிமணியாக எழுதினேன். வடிவம்மா பறவை வகுப்பு என்பது உறுதி செய்யப்பட்டது. சட்டத்தில் தொழிலாளி என்றுதான் இருக்கிறது, பறவை என்று இல்லை, ஆகவே மகளை மாற்ற வழியில்லை என்று தோட்டத்துக்குக் கடிதம் போனது. அன்னம் சலிப்பறையிலேயே சலித்தாள்.

இரண்டு கிழமை கழித்துச் சாஹுல் ஹமீது வந்தார். அன்றைக்கு அவர் கையில் கோழி இல்லை, கடுதாசிதான் இருந்தது. மகளுக்காகக் கேட்க வந்த வீரையாவும் அன்றைக்கு வழக்கம்போல் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன அநியாயம்?" என்று சத்தம் போட்டார் சாஹுல் ஹமீது. "என்ட நாப்பத்தேழாம் கோழிட நெஞ்செல்லாம் தேயிலைத் தூசியாம். அதால அதுட குடும்பத்தையே காத்தோட்டமான வெளிக்கி மாத்தோணுமாம். நேத்து இன்ஸ்பெக்டர் வந்து கூட்ட ஒடச்சிட்டுப் போயிட்டார். எல்லாம் வயல்ல நிண்டு மேயுது. என்ட கோழி எப்ப தேயிலை சலிச்சது? எனக்கொருக்காச் சொல்லுங்களே!"

அந்த உத்தரவையும் நான்தான் நகல் எடுத்திருந்தேன். வடிவம்மாவின் தூசுக்குக் கிடைக்க வேண்டிய உத்தரவு அது. கந்தோர் அதை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் நிறைவேற்றியிருந்தது. எனக்கு எழுந்துபோய்த் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீரையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக எழுந்து உள்ளே வந்தார்.

"ஐயா, கோழிக்குன்னா வெளிய விடச் சொல்லிச் சட்டம் இருக்குங்களா?"

"ஓம். உத்தரவே போட்டிருக்கு" என்றார் சுந்தரலிங்கம்.

"வடிவு கோழின்னா, அன்னமும் கோழிதானுங்களே. அந்தக் கடுதாசியில அன்னத்தையும் சேத்துருங்க."

  சுந்தரலிங்கத்தின் முகம் மலர்ந்தது. அவருடைய இருபது வருட உத்தியோகத்தில் ஒரு கூலியாள் இத்தனை ஒழுங்காக வாதாடி அவர் கண்டதில்லை. "சட்டப்படி சரி. ஒரு சத்தியக் கடுதாசி வேணும்" என்றார். அதையும் நான்தான் எழுதினேன். 'எனது மனைவி வடிவம்மா கோழி என்றும், அவளுக்கும் எனக்கும் பிறந்த மகள் அன்னலட்சுமி அதே வகுப்பைச் சேர்ந்தவள் என்றும் கடவுளறியச் சத்தியம் செய்கிறேன்.'

வாசித்துக் காட்டினேன். வீரையா பெருவிரலை மையில் தொட்டார். தூக்கினார். மறுபடியும் வேட்டியில் துடைத்தார்.

"வடிவு, மன்னிச்சிக்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

உத்தரவு கிடைத்தது. தோட்டத்தில் அன்னத்தைச் சலிப்பறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் கோழிக்குச் செக்ரோலில், அதாவது கூலிப் பதிவேட்டில், பெயர் போட முடியாதென்று கொழுந்தெடுக்கவும் விடவில்லை. அவள் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்பன் தன் பங்கு அரிசியில் அவளுக்கும் பொங்கிப் போட்டார். ஒரு நாள் ரயிலேறி வந்து, "புள்ள சிரிக்குதுங்க ஐயா, இருமல் கொஞ்சம் கொறவு" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

மூன்றாம் கிழமை அவள் இரத்தம் கக்கினாள். பிந்திப் போயிருந்தது. வீரையாவும் இன்னும் இரண்டு பேரும் கம்பளியில் கிடத்தி எங்கள் வாட்டுக்குத் தூக்கிவந்தார்கள். வாட்டுக்குப் பொறுப்பானவர் கடுதாசியைக் கேட்டார். வீரையா இருந்த ஒரே கடுதாசியைக் கொடுத்தார்.

"பறவைக்குக் கட்டில் இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் அவர்.

"ஐயா, மனுசப் புள்ளைங்க!" என்று அலறினார் வீரையா. "என் புள்ளைங்க! கண்ணத் தொறந்து பாருங்க! நான் பொய் சொன்னேங்க!"

"இது சத்தியக் கடுதாசி. டொக்டர் கையெழுத்து இருக்கிறது. இதை நான் மாற்ற முடியாது" என்றார் அவர். நான் டொக்டரின் அறைக்கு ஓடினேன். டொக்டர் புத்தகத்தின் பறவை அத்தியாயத்தில் இருந்தார். நாலு மணிக்குப் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார். தாஸிம் தண்ணீர் கொண்டுவந்து அவள் வாயை நனைத்தான். இரண்டரை மணிக்கு, எங்கள் கந்தோர் விறாந்தையில் கிடந்த வாங்குப் பலகையில், அப்பனின் மடியில், அன்னம் மூச்சை விட்டாள்.

நாலு மணிக்கு டொக்டர் வந்து பார்த்தார். சீவலுக்கு உத்தரவு கொடுத்தார். இந்த முறை தாஸிம் யாரையும் கேட்கவில்லை. பெயர்ச்சீட்டைத் தானே எழுதி, தானே ஒட்டி, துண்டை டொக்டரின் கையில் கொடுத்தான். அதற்காக அவனுக்கு வேலை போனது. சீட்டு மாறாமல் வந்ததென்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே சீவல் அதுதான்.

ஒரு மாதத்தில் கடிதம் தயாரானது. வழக்கம்போல் என் கையெழுத்தில். வீரையாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். இருவரும் விறாந்தையில் நின்றோம், நான் வாசித்தேன்.

"வீரையா என்பவருக்கு. உமது மகள் அன்னலட்சுமியின் சுவாசப்பையில் தெளிவான சிற்றறைகளும், மிகுந்த தேயிலைத் தூசும் காணப்படுகின்றன. ஆகவே அவள் மனிதப் பிறவியே என்பது ஐயமற நிரூபணமாகிறது. அவளைக் கோழி என்று பொய்ச்சத்தியம் செய்து, அரசாங்கக் கந்தோரை ஏமாற்றிய குற்றத்துக்காக, வருகிற பதினான்காம் திகதி நீதிமன்றத்தில் ஆஜராகும்படி..."

"நிறுத்துங்க ஐயா" என்றார் வீரையா. "மொதல்ல படிச்சீங்களே, அத இன்னொரு வாட்டி படிங்க."

"நீதிமன்றத்தில் ஆஜராகும்படி..."

"அது இல்லீங்க. அதுக்கு முந்தி."

"அவள் மனிதப் பிறவியே என்பது ஐயமற நிரூபணமாகிறது."

"கவருமெண்டு எழுதியிருக்குதுங்களா, இத?"

"ஆமா. முத்திரை வச்சு எழுதியிருக்கு."

அவர் கடிதத்தை வாங்கினார். எந்த வரி என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். எழுத்துத் தெரியாத அந்த மனிதர் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவங்க அம்மாவையும் சேத்து எழுதியிருக்குதுங்களா?"

"எழுதியிருக்கு" என்றேன். எழுதியிருக்கவில்லை.